வெள்ளிங்கிரி ஏறுவதற்கு முன் கெண்டைக்காலை வீட்டிலேயே வலுப்படுத்த முடியுமா?

தாராளமா முடியுங்க. ஜிம் வேண்டாம், வாசப்படி ஒன்று போதும்.

கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். மேலே புடைத்துத் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். அதற்கு அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ். முழங்காலை நீட்டி நின்று குதிகாலை உயர்த்தினால் முதலாவதுக்கு நல்ல வேலை. முழங்காலை மடக்கினால் சுமை சோலியஸுக்குப் போகும். மணிக்கணக்கில் நடக்கவும் ஏறவும் உழைப்பது இந்த சோலியஸ்தான், பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, தொடை மேல் அரிசிப் பையை வைத்துக் குதிகாலைத் தூக்கிப் பழகுங்க.

அடுத்து வாசப்படி. முன்பாதத்தை விளிம்பில் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே எழும்புங்க. இறங்குவதுதான் முக்கியம்: மூன்று நொடி எடுத்து, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை மெதுவாக. மலை இறங்கும்போது தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. மறுநாள் கால் பிடித்துக்கொள்வதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். 12 முதல் 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒற்றைக் காலில் செய்யுங்க.

பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நிற்கிறவங்க உட்கார்ந்து செய்வதிலிருந்தே ஆரம்பிக்கலாம். வெள்ளிங்கிரியின் ஏழு மலைக்கு முன்னால் மருதமலைப் படியில் கொஞ்ச நாள் ஏறி இறங்கிப் பாருங்க.

ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, வலி இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்க. ரத்தக்கட்டியாக இருக்கலாம், தேய்த்துவிடவே கூடாது.