கக்கூஸ் கதவுக்குப் பின்னால் யார்? தாயக்கட்டையை உருட்டிப் பாருங்கள்

கேள்வி: வேளச்சேரியில் நண்பர்கள் ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கூட்டாகக் கதை சொல்லும் ஆட்டம்) ஆடுகிறோம். நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்தும் ஆள். கதை ஏதாவது சத்திரத்தில் வந்து நின்றால் போதும், யாராவது ஒருவர் "நான் கொல்லைப்பக்கம் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். முதல் தடவை எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நாற்றம், சகதி என்றே போவதால் ஒரு தோழி முகம் சுளிக்கிறார். சிரிப்பு கெடாமல் இதற்கு ஒரு ரேண்டம் என்கவுன்டர் டேபிள் (பகடையில் விழும் எண்ணுக்கு என்ன நடக்கும் என்ற பட்டியல்) எப்படிப் போடுவது?

பதில்: நாற்றத்தை வைத்து ஒரு தடவைதான் சிரிக்க வைக்க முடியும். மறுபடி மறுபடி சிரிப்பு வருவது உள்ளே உட்கார்ந்திருப்பவனின் நிலைமையால். ஐந்தாம் எடிஷன் விதிப்படி பிளேட் கவசத்தைக் கழற்ற 5 நிமிடம், திரும்ப மாட்ட 10 நிமிடம். கவசத்தோடு அவனுடைய ஆர்மர் கிளாஸ் (எதிரி அடிக்க எட்ட வேண்டிய எண்) 18. கழற்றிவிட்டால், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) போனஸ் இல்லாத ஆளுக்கு வெறும் 10. நேற்று டிராகனோடு மோதியவன் இன்று தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறான். வெளியே காலடிச் சத்தம். இருமிக் காட்டுகிறான். சத்தம் நிற்கவில்லை, கதவுப் பக்கமே வருகிறது. இதற்கு மேல் சகதி எதற்கு?

அதனால் டேபிளில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஆட்டக்காரரை ஒரு முடிவெடுக்க வைக்க வேண்டும். கதவைத் திறப்பதா, உள்ளிருந்தே பேரம் பேசுவதா, மானம் போனாலும் ஓடுவதா? முடிவெடுக்க எதுவும் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

அடுத்தது பகடை. இருபது பக்கப் பகடை இதற்குச் சரிவராது. ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீதம்தான், பக்கத்து அறைக்காரர் வரும் அதே அளவுக்குப் பூதமும் வந்து நிற்கும். எனக்குப் பிடித்தது நம் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை. இரண்டு கட்டைகளிலும் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகம், ஆக 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி, இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3, தாயத்துக்கும் (ஒன்று) ஐந்துக்கும் தலா 2, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் (இரண்டும் பூஜ்யம்) ஒவ்வொரு வழிதான். சாதாரண விஷயம் அடிக்கடியும் விபரீதம் எப்போதாவதும் வர, கணக்கு தானாகவே அமைந்துவிடுகிறது.

மூன்றுக்கு வரிசையைப் போடுங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் காலை ஏழு மணிக்கு வாளியோடு நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உள்ளே போனவர் வெளியே வரமாட்டேன் என்கிறார். கடன்காரன் சத்திரத்து வாசலில் நிற்கிறானாம். அவனை அனுப்பிவைத்தால் கோட்டையின் பின்வழியைச் சொல்வதாகக் கதவு இடுக்கு வழியாகப் பேரம் பேசுகிறார். உங்கள் ஆளுக்கோ அவசரம்.

இரண்டு விழுந்தால் வாளியில் தண்ணீர் இல்லை, அதுவும் கடைசியில்தான் தெரிகிறது. முதல் நிலை கிளெரிக் (பூசாரி) மந்திரம் ஒன்றில் 10 கேலன் தண்ணீர் வரவழைக்கலாம், ஏறக்குறைய 38 லிட்டர், தாராளமாக இரண்டு வாளி. ஆனால் நாளைய சண்டைக்கென்று வைத்திருந்த ஸ்பெல் ஸ்லாட் (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு) போய்விடும். 2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான்குக்குப் பல்லி. மேலே விழுகிறது. எங்கே விழுந்தது என்பதற்கு ஆறு பக்கப் பகடை, விழுந்த இடத்துக்கு ஒரு பலன். நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் பல்லி விழும் பலன் பட்டியலே ஒரு ரேண்டம் டேபிள்தானே! அடுத்த உருட்டலுக்கு அட்வான்டேஜோ டிஸ்அட்வான்டேஜோ (இரண்டு முறை உருட்டி நல்லதையோ கெட்டதையோ எடுப்பது) கொடுத்தால் போதும். பரிகாரம் செய்வதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு.

தாயத்துக்கு, கீழே குழாய் வழியாக ஏறி வரும் திருடன். 1204-இல் பிரான்ஸின் ஷாட்டோ கையார் கோட்டைக்குள் பிரெஞ்சு வீரர்கள் கழிவறைக் குழாய் வழியாகத்தான் நுழைந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கூச்சல் போட்டால் ஊரே வந்து உங்களையும் பார்க்கும், அதுதான் சிக்கல். ஐந்துக்குப் பலகை முறியும் சத்தம். 1184-இல் ஜெர்மனியின் எர்ஃபர்ட்டில் பிரபுக்கள் கூடியிருந்த மாடித் தளம் இடிந்து, கீழே இருந்த மலக்குழியில் விழுந்து சுமார் 60 பேர் இறந்தார்கள். உங்கள் ஆட்டத்தில் யாரும் சாக வேண்டாம், அசையாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று மட்டும் கேளுங்கள்.

ஆறுக்கு ஓட்யூக். 1977 மான்ஸ்டர் மேனுவல் (இந்த ஆட்டத்தின் ஜந்துப் புத்தகம்) காலத்திலிருந்தே குப்பையிலும் கழிவிலும் வாழும் ஜந்து. சேலஞ்ச் ரேட்டிங் (ஆபத்தின் அளவு) 5, முதல் நிலை ஆட்களோடு மோதவிட்டால் கதை அன்றோடு முடிந்துவிடும். ஆனால் 120 அடிக்குள் இருப்பவர் மனதுக்குள் எளிய செய்தி அனுப்ப அதனால் முடியும். அதைப் பேசவிடுங்கள். குழிக்குள்ளிருந்து, மிகப் பணிவாக: "நேற்று காரம் அதிகம்."

பன்னிரண்டுதான் என் செல்லம். உங்கள் கதையின் பெரிய வில்லனே வரிசையில் நிற்கிறார். கிரீடம் இல்லை, காவலாள் இல்லை, கையில் சொம்பு. அவருக்கும் அவசரம், உங்கள் ஆளுக்கும் அவசரம். இருவரில் யார் முதலில் வாளை எடுப்பது? யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் பேசிக்கொள்வதை நீங்கள் எத்தனை பக்கம் எழுதிவைத்தாலும் ஈடாகாது, சும்மா விட்டுவிடுங்கள்.

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் வழக்கம்போல மறு ஆட்டம் உண்டு, இரண்டு பலனையும் சேர்த்துவிடுங்கள். பன்னிரண்டுக்குப் பிறகு மூன்று விழுந்தால், உள்ளே ஒளிந்துகொண்டு கடன்காரனுக்குப் பயப்படுபவரே வில்லன்தான்.

தோழி விஷயத்துக்கு வருகிறேன். எது ஓகே, எது வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன்: குழியைச் சுத்தம் செய்பவரை ஜோக் ஆக்காதீர்கள். கையால் மலம் அள்ளும் வேலையில் யாரையும் அமர்த்தக் கூடாது என்று 2013-இல் சட்டமே வந்தும் மனிதர்கள் சாக்கடைக்குள் இறங்கிச் சாகிற நாடு இது, அது ஃபேன்டஸி ஆகாது. அப்படி ஒருவர் கதையில் வந்தால் ஊர் ரகசியமெல்லாம் தெரிந்தவராக வரட்டும்.

ஒரு நாள் ஆட்டத்தில் ஒரு உருட்டல் போதும், அதுவும் ஆட்டக்காரர் தானாகப் போகிறேன் என்று சொன்னால் மட்டும். வீட்டில் தாயக்கட்டை இல்லையா? நான்கு பக்கப் பகடை இரண்டை உருட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துக் கூட்டுங்கள். இரண்டும் பூஜ்யமானால் பன்னிரண்டு.