வெளிச்சம் பட்டதும் படலம் மாறிப்போனால் எதை அளப்பது?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகக் காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளிகளை (சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்தித் துகள்கள்) கண்ணாடி ஸ்லைடில் படலமாகப் பூசியிருக்கிறேன். யூவி டார்ச் அடித்தால் முதல் சில நிமிடம் முன்னைவிடப் பளிச்சென்று ஒளிர்கிறது. அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் மங்கிப்போய், சிவப்பு ஆரஞ்சாகியிருக்கிறது. இந்தப் படலத்தில் எக்ஸிட்டான் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளக்கலாமா?
- ஒரு கல்லூரி மாணவி

பதில்: அளக்கலாம். ஆனால் நேற்றைய படலம் வேறு, இன்றைய படலம் வேறு. அதுதான் சிக்கல்.

ஒளி பட்டதும் ஒரு புள்ளிக்குள் எலெக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் ஜோடியாக உருவாகின்றன. அந்த ஜோடிதான் எக்ஸிட்டான். சில பத்து நானோ நொடிகளே அதன் ஆயுள், அதற்குள் பக்கத்துப் புள்ளிக்குத் தாவிவிடும். தாவும் வேகம் தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறையும், அதாவது இடைவெளி இரண்டு மடங்கானால் வேகம் 64இல் ஒரு பங்கு. அதனால்தான் புள்ளிகள் நெருங்கி உட்கார்ந்த படலத்தில் மட்டும் இந்தப் பயணம் நடக்கிறது. 2023இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான மௌங்கி பவெண்டியின் குழு 1996இலேயே இதைக் காட்டிவிட்டது.

எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருக்காது அல்லவா? சிறியதற்கு ஆற்றல் அதிகம், நிறம் நீலப் பக்கம்; பெரியதற்குக் குறைவு, நிறம் சிவப்புப் பக்கம். மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல எக்ஸிட்டான் பெரிய புள்ளியைத் தேடிப் போய், அங்கேயே குட்டையாகத் தேங்கிவிடும். முதலில் வேகமாகப் போய் நேரம் ஆக ஆக மெதுவாவதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2014இல் மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்தார்கள். அவர்களுடைய சில படலங்களில் பயண தூரம் 30 நானோமீட்டரைத் தாண்டியது. நான்கைந்து புள்ளி தாண்டுகிற தூரம், அவ்வளவுதான்.

இனி உங்கள் டார்ச். புள்ளியின் மேற்பரப்பில் உள்ள குறைகளில் சிக்கினால் எக்ஸிட்டான் ஒளிராமலே செத்துவிடும். வெளிச்சம் படும்போது காற்றின் ஈரப்பதமும் ஆக்சிஜனும் அந்தக் குறைகளில் சிலவற்றை அடைத்துவிடுவதுண்டு, அதுதான் முதல் சில நிமிடப் பளிச். ஆயுள் கூடுவதால் எக்ஸிட்டான் கூடுதல் தூரம் போகவும் செய்யும். ஆனால் டார்ச் எரிந்துகொண்டே இருந்தால் அதே ஆக்சிஜன் செலினியத்தை அரிக்கத் தொடங்குகிறது, புள்ளி சுருங்குகிறது, நிறம் நீலத்தின் பக்கம் நகர்கிறது. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி சுருங்காததால் மேடு பள்ளம் கூடி, இருண்ட புள்ளிகளும் பெருகி, பயணம் குறுகிவிடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எக்ஸிட்டான் தாவுவதால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும், அதுவும் நானோ நொடிகளில். உங்கள் ஸ்லைடு ஒரே நாளில் ஆரஞ்சானது அரிப்பால். இரண்டும் எதிரெதிர் திசை.

என்ன செய்யலாம்? படலத்தை நைட்ரஜனில் மூடி இருட்டில் வையுங்கள், டார்ச்சைத் தூரப் போட்டுவிட்டு மங்கலான லேசர் துடிப்பில் அளவெடுங்கள், ஒவ்வொரு அளவுக்கும் ஸ்லைடில் புது இடத்துக்கு நகருங்கள். ஒளிர்வு நிறமாலையின் நீல ஓரம் சீக்கிரம் அணைந்து சிவப்பு ஓரம் நின்று எரிந்தால் தாவல் நடக்கிறது. அதே புள்ளிகளை நீர்த்த கரைசலிலும் அளந்து பக்கத்தில் வையுங்கள், அங்கே புள்ளிகள் விலகி இருப்பதால் தாவல் இருக்காது. கைடு கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் குவாண்டம் புள்ளிகள் உள்ள எங்கள் வீட்டு கியூஎல்இடி டிவியும் நிறம் மாறிவிடுமா?
- ஒரு வாசகர்

பதில்: பயப்படாதீர்கள். அங்கே புள்ளிகளை பிளாஸ்டிக்கில் தள்ளித் தள்ளி வைத்து, காற்றும் ஈரமும் புகாத தடுப்புப் படலங்களுக்கு நடுவே அடைத்திருப்பார்கள். பின்னாலிருந்து வரும் நீல ஒளியைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றினால் போதும், எக்ஸிட்டான் எங்கேயும் போக வேண்டாம்.