பி.காம் படித்தவர் தொலைத்தொடர்பு, நெட்வொர்க்கிங் அடிப்படைகளை இணையத்திலேயே கற்றுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நானும் பி.காம்தான்.

கேள்வி கேட்டவர், உள்ளூர் பிராட்பேண்ட் அலுவலகம் ஒன்றில் பில் போடும் வேலையில் இருப்பதாகவும், டெக்னிக்கல் பக்கம் போக ஆசை இருப்பதாகவும், காசு கட்டிப் படிக்க வசதி இல்லை என்றும் எழுதியிருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் இருந்த இடமும் ஏறக்குறைய அதுதான். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன இணைய நிறுவனத்தில் புகார் போன் எடுக்கும் வேலை. இன்றைக்கு அதே துறையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு எது உதவியது, எது நேரத்தைத் தின்றது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. யூடியூபில் கிடைத்த வீடியோக்களை எல்லாம் பார்த்து, நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே ஒப்பிப்பேன். அப்போது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் போன் செய்தார். "தம்பி, யூடியூப் வருது, வாட்ஸ்அப் வருது. பேங்க் சைட் மட்டும் சுத்திக்கிட்டே நிக்கு." ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று ஒரு சின்னத் தகவலை அனுப்பிப் பார்ப்பது) அடித்துப் பார்த்தால் அழகாகப் போகிறது. ஏழு அடுக்கும் தெரிந்தவனுக்கு, கோளாறு எந்த அடுக்கில் என்று தெரியவில்லை. நாலு நாள் அந்த மனிதர் பொறுமையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கதையைப் பிறகு முடிக்கிறேன்.

ஆன்லைன் பாடங்களில் பெரும்பாலானவை ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்ணிலிருந்து தொடங்கும். கம்பி, ஒளி, சிக்னல் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. உங்கள் வீட்டுச் சுவரில் ஃபைபர் வந்து சேரும் வெள்ளைப் பெட்டி, அதுதான் ஓ.என்.யூ., அதிலிருந்து தொடங்குங்கள். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலும் அதன் பக்கம் திறக்கும். உள்ளே எங்காவது ஒளியின் அளவு இருக்கும். மைனஸ் 21.5 டி.பி.எம். என்பது போல ஒரு எண். அந்த எண் எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் பாடம்.

டெசிபெல் என்றதும் பயம் வேண்டாம், வட்டிக் கணக்கை விடச் சுலபம். 0 டி.பி.எம். என்றால் 1 மில்லிவாட். 3 டெசிபெல் குறைந்தால் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. அவ்வளவுதான். இனி கணக்கு. நிறுவனத்தின் பக்கம் ஃபைபர் தொடங்கும் ஓ.எல்.டி. பெட்டியிலிருந்து ஒளி பிளஸ் 3 டி.பி.எம்.-ல் கிளம்புகிறது, அதாவது 2 மில்லிவாட். வழியில் எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று, அது சுமார் 10.5 டெசிபெல்லைத் தின்னும். தெருமுனையில் இன்னொன்று, இன்னொரு 10.5. ஐந்து கிலோமீட்டர் ஃபைபர், கிலோமீட்டருக்கு 0.3 என்று வைத்தால் 1.5. கனெக்டருக்கும், ஃபைபர் முனைகளை ஒட்டும் ஸ்ப்ளைஸிங்குக்கும் சேர்த்து ஒரு 2. மொத்தச் செலவு 24.5. மூன்றிலிருந்து கழித்தால் மைனஸ் 21.5. வரவு செலவுக் கணக்கேதான்! இந்தத் துறையில் இதற்குப் பெயரே லிங்க் பட்ஜெட். கிளம்பிய 2 மில்லிவாட்டில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது 0.007 மில்லிவாட். அதை வைத்துத்தான் நீங்கள் படம் பார்க்கிறீர்கள்.

எங்கள் லைன்மேன் அண்ணன் ஒருவர் பத்தாவது தாண்டாதவர். "மைனஸ் இருபத்தேழ தாண்டிச்சுன்னா லைன் படுத்துரும்டே" என்பார். நான் பிறகு ஜிபான் (வீட்டு ஃபைபர் இணைப்புக்கான விதிமுறை) தரநிலையைப் படித்தபோது, பரவலாகப் புழங்கும் வகைக்கு ஓ.என்.யூ. தாங்கும் எல்லை சரியாக அதே மைனஸ் 27 என்று போட்டிருந்தது. அவர் பவர் மீட்டரைப் பிடித்துப் பிடித்தே அந்த இடத்துக்கு வந்திருந்தார். உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு பைக்கில் போய்வாருங்கள். எந்த ஆன்லைன் பாடமும் அதைத் தராது.

அடுத்தது பழைய தொலைபேசி. செத்துப்போன விஷயத்தை ஏன் படிக்க வேண்டும் என்று நானும் கேட்டவன்தான். பேச்சில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும் எடுத்து, அதை விநாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினார்கள். பெருக்கிப் பாருங்கள், 64,000 பிட். ஒரு குரலுக்கு 64 கே.பி.பி.எஸ். அப்படி 32 பங்குகளை முறை வைத்து ஒரே கம்பியில் ஏற்றினால் 2.048 எம்.பி.பி.எஸ்., அதுதான் ஈ1 என்ற டெலிபோன் இணைப்பு. அதில் 30 பங்கு பேச்சுக்கு, ஒன்று நேரத்தை ஒத்துவைக்க, ஒன்று சிக்னலிங்குக்கு. இப்போது உங்கள் தெருவுக்கு வாருங்கள். ஒரே ஃபைபரில் 64 வீடுகள். எல்லா ஓ.என்.யூ.வும் ஒரே நேரத்தில் மேல்நோக்கி ஒளியை அனுப்பினால் என்ன ஆகும்? குழாயடிச் சண்டைதான். அதனால் ஓ.எல்.டி. ஒவ்வொரு வீட்டுக்கும் முறை ஒதுக்கிக் கொடுக்கிறது. 'உன் நேரம் வரும்போது பேசு' என்ற அந்தப் பழைய டெலிபோன் யோசனைதான் இதற்குள்ளும் இருக்கிறது. பழையதைப் படித்தால் புதியதில் பாதி முடிந்துவிடும்.

வேகம் வேறு, தாமதம் வேறு என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். "100 எம்.பி. பிளான் போட்டும் கேம் லேக் ஆகுது" என்று வாரத்துக்கு நாலு போன் வரும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அதாவது கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ செகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் போகும் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லி செகண்ட், வர 16. கேம் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் 32-க்குக் கீழே அந்த வழியாகப் பிங் வரவே வராது. 100 எம்.பி.யை 1000 எம்.பி. ஆக்கினாலும் வராது. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான், இந்தத் துறையில் நமக்கும் ஏதோ தெரியும் என்று முதன்முதலாகத் தோன்றியது.

சரி, இனி கம்ப்யூட்டர் பக்கம். இங்கே ஒரே ஒரு கருவியைத்தான் சிபாரிசு செய்வேன்: வயர்ஷார்க். நெட்வொர்க்கில் போய்வரும் ஒவ்வொரு தகவல் துண்டையும், அதாவது பாக்கெட்டையும், திரையில் காட்டும் மென்பொருள். இலவசம். 1998-ல் ஈதரியல் என்ற பெயரில் வந்தது, 2006-ல் பெயர் மாறியது. உங்கள் சொந்த லேப்டாப்பில், சொந்த நெட்வொர்க்கில் மட்டும் ஓட்டுங்கள், அலுவலகத்தில் அனுமதி இல்லாமல் திறக்காதீர்கள். திறந்ததும் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும், தலை சுற்றும். முதலில் ஏ.ஆர்.பி. என்று மட்டும் வடிகட்டுங்கள், ஓர் ஐ.பி. முகவரி எந்தக் கருவியுடையது என்று கேட்கும் முறை அது. "192.168.1.1 யாரிடம் இருக்கிறது? 192.168.1.5-க்குச் சொல்லுங்கள்" என்ற பொருளில் வரிகள் வரும். அப்படியே தெருவில் நின்று, "ஏய், இங்க முருகேசன் வீடு எது?" என்று கத்துவது மாதிரி. முருகேசன் மட்டும் பதில் சொல்வார். ஒரு மணி நேர வீடியோ சொல்லாததை இந்த ரெண்டு வரி சொல்லிவிட்டது எனக்கு.

அப்புறம் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் டி.என்.எஸ். கேள்வி போவதையும், பதிலாக ஐ.பி. முகவரி வருவதையும், அதற்குப் பின் தொடர்பைத் தொடங்க மூன்று பாக்கெட்டில் டி.சி.பி. கைகுலுக்குவதையும் தேடுங்கள். சில தளங்கள் டி.சி.பி. இல்லாமல் குவிக் என்ற புதிய முறை வழியாகப் போகும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், வேறு தளத்தைத் திறந்தால் போதும்.

அடுத்து சப்நெட்டிங், அதாவது ஐ.பி. முகவரிகளைச் சின்னக் கூட்டங்களாகப் பிரிப்பது. இதற்கு மொபைல் ஆப் எதையும் தொடாதீர்கள். நோட்டும் பேனாவும்தான். 192.168.1.77, ஸ்லாஷ் 26 என்றால், 32 பிட் முகவரியில் 26 பிட் கூட்டத்துக்கு, மீதி 6 பிட்டில் 64 எண்கள். அதனால் 64-64ஆகப் பிரியும்: 0, 64, 128, 192. 77 விழுவது 64-ல் தொடங்கும் வீட்டில், அதன் கடைசி எண் 127, முதலும் கடைசியும் போக நடுவே புழங்கக் கிடைப்பது 62. தினமும் பத்துக் கணக்கு, ஒரு மாதம். லெட்ஜர் போட்ட கைக்கு இது வரும். சொல்லப்போனால் பொறியியல் படித்த நண்பர்களை விட நான் இதில் வேகம்.

கூடவே இன்னொன்று. உங்கள் ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். கடையில் சி.சி.டி.வி. மாட்டிவிட்டு, "போர்ட் ஓப்பன் பண்ணியும் வெளியூர்ல இருந்து கேமரா தெரியல" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு விடை இதுதான்.

பாடங்களைப் பற்றிக் கேட்டீர்கள். இத்தனை தொட்டுப் பார்த்த பிறகு போனால்தான் அவை உள்ளே இறங்கும். ஐ.ஐ.டி.கள் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. கரக்பூரின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் அண்ட் இன்டர்நெட் ப்ரோட்டோகால் பாடம் 12 வாரம் ஓடும், பார்ப்பதற்குக் காசில்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம். பேராசிரியர்கள் மெதுவாகத்தான் போவார்கள், கொட்டாவி வரும், ஆனால் அஸ்திவாரம் திடமாக இருக்கும். ரவுட்டர் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கினால் அடிப்படைப் பாடங்களும் பாக்கெட் ட்ரேசர் என்ற பயிற்சி மென்பொருளும் இலவசம். காசு கொடுத்து ரவுட்டர் வாங்காமலே திரையில் பத்து ரவுட்டரை இழுத்துப் போட்டு இணைக்கலாம், பிடுங்கலாம். நான் ராத்திரி பதினொன்றுக்கு மேல் அதில்தான் கிடப்பேன். வேலை செய்வதைக் கட்டிப் பழகுவதோடு நிறுத்தாமல், வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்து, மறுநாள் வந்து கண்டுபிடியுங்கள்.

சிஸ்கோ தரும் சி.சி.என்.ஏ. சான்றிதழுக்குத் தேர்வு எழுதலாமா என்றால், எழுதலாம், அவசரமில்லை. 300 டாலர் அளவுக்குக் கட்டணம். டம்ப், அதாவது தேர்வுக் கேள்விகளையும் விடைகளையும் தொகுத்து விற்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். மனப்பாடம் செய்து பாஸ் ஆனவர்களை நேர்காணலில் நான் பார்த்திருக்கிறேன், இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடுவார்கள்.

ஆங்கிலம் தடையா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று மாதம் தடைதான். நான் ஒரு வீடியோவை மூன்று தடவை பார்ப்பேன், பிறகு வாட்ஸ்அப்பில் எனக்கு நானே தமிழில் விளக்கி வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொள்வேன். எங்கே திக்குகிறதோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம். வீட்டில் சிரித்தார்கள்.

வாத்தியார் கதைக்கு வருகிறேன். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட் சுமக்கும். எங்கள் இணைப்பு பி.பி.பி.ஓ.இ. வகை (பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணைவது), அது தனக்கென்று 8 பைட் எடுத்துக்கொள்ளும், மீதி 1492. அவர் பேரன் புதிதாக வாங்கி மாட்டிய ரவுட்டர் இந்தக் குறைவை எதிர்முனைக்குச் சொல்லவில்லை. வங்கியின் சர்வர் 1500 பைட்டில் முழுப் பாக்கெட்டாக அனுப்புகிறது, அது எங்கள் பக்கம் நுழைய முடியாமல் விழுகிறது. 'பெரிதாக இருக்கிறது, சிறிதாக அனுப்பு' என்று திரும்பப் போகும் தகவலை வங்கிப் பக்கத்து ஃபயர்வால் தடுத்துவிடுகிறது. சர்வருக்கு விஷயமே தெரியாது, மறுபடியும் அதே அளவில் அனுப்புகிறது. நான் அடித்த பிங் சின்னப் பாக்கெட், அதனால் தாராளமாகப் போனது.

ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்கே போனேன். லேப்டாப்பில், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங்கின் அளவை 1472 என்று வைத்து அனுப்பினேன், போகவில்லை. 1464 வைத்தேன், போனது. தலைப்பகுதி 28-ஐக் கூட்டினால் சரியாக 1492. ரவுட்டரில் எம்.எஸ்.எஸ். (தலைப்பகுதிகள் போக ஒரு பாக்கெட்டில் ஏற்றக்கூடிய உச்ச அளவு) என்ற இடத்தில் 1452 என்று மாற்றிவிட்டு, பக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னேன். வங்கித் தளம் பளிச்சென்று வந்தது.

"என்ன தம்பி செஞ்சீங்க?" என்றார். மேலே எழுதியதை எல்லாம் அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். கணக்கு வாத்தியார் அவர். பேப்பரை எடுத்து 1492-லிருந்து 40-ஐக் கழித்துப் பார்த்துவிட்டு, "அந்த நாப்பது எதுக்கு?" என்று கேட்டார். ஐ.பி.க்கு 20, டி.சி.பி.க்கு 20 என்றேன். டீ வந்தது.