நன்றாக ஓதுகிறான், ஆனால் பொய் சொல்கிறானே?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியிலேயே இஸ்லாமியப் பாடம் உண்டு. குர்ஆனின் கடைசிப் பத்து சூராக்கள் (அத்தியாயங்கள்), ஃபீல் முதல் நாஸ் வரை, எல்லாம் மனப்பாடம், தேர்விலும் முழு மதிப்பெண். வீட்டிலோ வாய் கூசாமல் பொய் சொல்கிறான், தங்கைக்கு எதையும் கொடுப்பதில்லை. "அல்லாஹ் தண்டிப்பான்" என்றாலும் பயமில்லை. மதரஸாவில் கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. அவனுக்கு இப்போது இன்னொரு சூரா தேவையில்லை, ஓதியதன் பொருள்தான் தேவை. அந்தப் பத்துக்குள்ளேயே மாஊன் என்ற சூரா இருக்கிறதே! அநாதையை விரட்டுகிறவனைப் பற்றியும், பிறர் பார்க்கத் தொழுகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிட்டு, அன்றாடம் புழங்கும் சின்னப் பொருளைக்கூடக் கொடுக்க மறுக்கிறவர்களைச் சொல்லி முடிகிற ஏழு வசனம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சின்னப் பொருள் எது? அவனுடைய ரப்பரும் கலர் பென்சிலும்தான். இதை யாராவது அவனிடம் சொல்லியிருக்கிறார்களா? நீங்கள் சொல்லுங்கள், அன்றைக்கே தங்கைக்கு ஒரு பென்சில் கொடுக்க வையுங்கள்.

அப்புறம் பொய். இதில் கொஞ்சம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தாயார் "வா, ஒன்று தருகிறேன்" என்று கூப்பிட்டார். என்ன கொடுக்கப்போகிறாய் என்று நபி (ஸல்) கேட்க, பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள் (அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பு). நாமோ போன் வந்தால் "அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையையே சொல்ல வைக்கிறோம். பாடப்புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதற்கு முன்னால் நிற்காது.

தண்டனையைச் சொல்லி மிரட்டுவதை விட்டுவிடுங்கள், எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம். ஓதத் தொடங்கும்போதெல்லாம் அல்லாஹ்வை அளவற்ற அருளாளன் என்று சொல்கிற பிள்ளைக்கு, வீட்டில் அல்லாஹ்வின் பெயர் அடிக்கு முன்னால் மட்டுமே காதில் விழுந்தால் என்ன ஆகும்? அனஸ் (ரலி) சிறுவயதிலிருந்து பத்து வருடம் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தவர், ஒருநாளும் தன்னை "சீ" என்றுகூடச் சொன்னதில்லை என்கிறார்.

பள்ளியில் ஆசிரியரையும் ஒருமுறை பாருங்கள். மதிப்பெண்ணைக் கேட்காமல், இந்த வாரம் என்ன பழக்கம் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள், அதையே வீட்டிலும் பிடித்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும். அடுத்த முறை எதையாவது உடைத்துவிட்டு அவனே வந்து உண்மையைச் சொன்னால், முதலில் பக்கத்தில் உட்கார வையுங்கள், உடைந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.