ஏழு வயது மகளுடன் ஆப்பிரிக்க சஃபாரி: சிங்கக்குட்டியோடு படம் எடுக்கும் இடத்தைச் சேர்க்கலாமா?

மே விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு ஆப்பிரிக்கா போகப் பார்க்கிறீர்கள். ஏஜென்ட் கொடுத்த தென்னாப்பிரிக்கத் திட்டத்தில் ஒரு நாள் சிங்கக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று இருக்கிறது. விலங்குகளுக்குக் கெடுதல் இல்லாத சஃபாரியை எப்படிக் கண்டுபிடிப்பது, கென்யா மேலா தென்னாப்பிரிக்கா மேலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் சிங்கக்குட்டி நாளை அடித்துவிடுங்கள். ஏஜென்ட்டோடு சண்டை வேண்டாம், அவருக்கே விஷயம் தெரியாமல் இருக்கலாம். ‘தாயை இழந்த குட்டிகள், வளர்த்துக் காட்டில் விடப்போகிறோம்’ என்று அங்கே சொல்லிக்கொடுத்ததைத்தான் அவரும் சொல்வார். தாய் பெரும்பாலும் அதே பண்ணையில், பின்பக்கக் கூண்டில் இருக்கும். பிறந்த சில நாட்களில் குட்டியைப் பிரித்துவிட்டால் தாய் சீக்கிரமே மறுபடி சினையாகும், கணக்கு அதுதான். குட்டி சில மாதங்கள் வரை மடிக்கு ஆகும். கொஞ்சம் வளர்ந்ததும் ‘சிங்கத்தோடு நடைப்பயணம்’ என்று இன்னொரு டிக்கெட். அதற்கும் மேல் வளர்ந்தால் அதைத் தொட்டுப் பார்க்க யாராலும் முடியாது. அப்புறம் பல சிங்கங்கள் போய்ச்சேரும் இடம், காசு கொடுத்துச் சுட வருபவர்களுக்கான வேலி போட்ட நிலம். இல்லாவிட்டால் எலும்பு வியாபாரம். 2017இல் மட்டும் 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய தென்னாப்பிரிக்க அரசு அனுமதித்தது. ஆசியாவில் புலி எலும்பு கேட்பவர்களுக்கு அது மாற்றுச் சரக்கு. இந்தத் தொழிலையே நிறுத்த வேண்டும் என்று அந்நாட்டு அமைச்சர் அமைத்த குழுவே 2021இல் பரிந்துரை செய்தது. மனிதர் கையில் பால் குடித்து வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விடுவது நடக்கிற காரியமும் இல்லை. ஊர்ப்பக்கம் வந்து மாட்டையோ ஆளையோ அடிக்கும்.

யானைச் சவாரிக்கும் இதே பதில்தான். விக்டோரியா அருவிப் பக்கம் அதை விற்பார்கள். யானை எப்படி மனிதனை முதுகில் ஏற்றச் சம்மதிக்கிறது என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் இப்போது எந்த நிகழ்ச்சியையும் ஒரே ஒரு கேள்வி வைத்துத்தான் பார்க்கிறேன்: அந்த விலங்குக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து போக முடியுமா? இந்தக் கேள்வியை நான் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

2016 ஆகஸ்டில் அலுவலக நண்பர்கள் ஆறு பேர் கென்யாவின் மசாய் மாரா காப்புக்காட்டுக்குப் போனோம். மேல்கூரை தூக்குகிற வேன், இருப்பதிலேயே மலிவான திட்டம். இரண்டாம் நாள் காலை ரேடியோவில் ஏதோ சுவாஹிலியில் கரகரத்தது. ‘டுமா’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. சிவிங்கிப்புலி. (தமிழில் இதையும் சிறுத்தை என்றே எழுதிவிடுகிறோம். சிறுத்தை வேறு, அது இரவில் மரத்தில் இரை தின்பது. இது பகலில் வெட்டவெளியில் ஓடிப் பிடிப்பது.) நாங்கள் போனபோது ஏற்கெனவே பதினைந்து வண்டிகள் வட்டம் கட்டி நின்றன. நடுவில் கரையான் புற்று மேல் தாய், கீழே மூன்று குட்டிகள். தூரத்தில் நாலைந்து சிறுமான்கள். என் லென்ஸுக்கு எட்டவில்லை. “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்களேன்” என்று ஓட்டுநரிடம் கேட்டது நான்தான். அவர் கண்ணாடி வழியாக ஒரு தடவை என்னைப் பார்த்தார், பிறகு வண்டியைப் புல்லுக்குள் இறக்கினார். எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு வண்டிகள் இறங்கின. மான்கள் போய்விட்டன. தாய் புற்றைவிட்டு இறங்கி ஒரு புதருக்குள் படுத்துக்கொண்டது. அருமையான படம் கிடைத்தது, சாயங்காலம் ஓட்டுநருக்கு 20 டாலர் கூடுதலாகக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, 2018இல், மாராவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். சுற்றுலா வண்டிகள் அதிகம் புழங்கும் பகுதிகளில் ஒரு சிவிங்கிப்புலித் தாய், ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளைத்தான் வளர்த்து ஆளாக்குகிறது. வண்டி குறைந்த இடங்களில் 2.3. சிங்கமும் கழுதைப்புலியும் ஓய்வெடுக்கிற பகல் நேரத்தில்தான் அது வேட்டைக்குப் போகும். நாங்களும் அதே நேரத்தில்தான் போகிறோம். அந்தப் படம் என் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கழற்றிவிட்டேன்.

விதி இல்லாமல் இல்லை. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது மாராவின் சொந்த விதி. மீறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டுநரின் ஆசை இல்லை, பின்சீட்டில் இருக்கிறவர்கள்தான். டிப்ஸ் குறைந்துவிடுமோ, ‘ஒன்றும் காட்டவில்லை’ என்று புகார் எழுதிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அதனால் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள்: கூட்டமாக இருந்தால் எங்களுக்கு வேண்டாம், சாலையைவிட்டு இறங்க வேண்டாம், பெரிய ஐந்து விலங்குகளையும் எண்ணி முடிக்க நாங்கள் வரவில்லை. (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற அந்த ‘பெரிய ஐந்து’ பட்டியலே வேட்டைக்காரர்கள் போட்டது. நடந்துபோய்ச் சுடுவதற்கு எது கஷ்டம் என்ற கணக்கு.) நாங்கள் இரண்டாம் முறை மாரா போனபோது இதைச் சொன்னதும் அந்த வழிகாட்டி முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அரைமணி நேரம் ஒரு சாண வண்டைக் காட்டினார். கென்யாவில் வழிகாட்டிகளுக்குச் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பட்டை கொடுக்கிறது. எந்தப் பட்டை உள்ளவரை அனுப்புவீர்கள் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

அந்த இரண்டாம் பயணம் 2024 செப்டம்பர் கடைசியில், மனைவி, மகனோடு. இந்த முறை மாராவின் வடகிழக்கை ஒட்டிய நபோய்ஷோ என்ற கன்சர்வன்சியில் தங்கினோம். அது அரசுப் பூங்கா கிடையாது. ஐந்நூறுக்கு மேற்பட்ட மசாய் (அந்தப் பகுதியில் மாடு மேய்த்து வாழும் இனத்தார்) குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் சொந்த நிலத்தைச் சேர்த்து, சுமார் 50,000 ஏக்கரை முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். மாதாமாதம் குத்தகைப் பணம் வரும். பதிலுக்கு நிலத்தில் வேலி போடக் கூடாது, மாட்டை முறை வைத்து மேய்க்க வேண்டும். 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கட்டுப்பாடு இருப்பதால் வண்டிகள் குறைவு. மூன்று நாளில் ஒரே விலங்கின் முன்னால் எங்களோடு சேர்த்து அதிகபட்சம் மூன்று வண்டிகள் நின்றன.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வண்டிக் கணக்கைவிட வேலிக் கணக்கு. மாராவைச் சுற்றியுள்ள பொதுநிலங்கள் தனித்தனிப் பட்டாவாகப் பிரிந்துவிட்டன. பட்டா கையில் வந்தால் யாரும் முதலில் வேலிதான் போடுவார்கள். வேலி வந்தால், புல் தேடி இடம்பெயரும் வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் ஒரு பெரிய மான்) கூட்டத்துக்கு வழி போயிற்று. புல்லாகவே விட்டு வைத்தாலும் மாதம் பிறந்தால் பணம் வரும் என்றால் வேலி போடாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

எல்லாம் நேராக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மாட்டை எங்கே மேய்ப்பது என்று முகாம்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது என்பதில் சில பெரியவர்களுக்கு வருத்தம். 2020இல் கொரோனா வந்து பயணிகள் நின்றதும் குத்தகைப் பணம் பல இடங்களில் வெட்டப்பட்டது. ஆனாலும் தான்சானியாவின் லோலியோண்டோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அங்கே 2022 ஜூனில் அரசு 1,500 சதுர கிலோமீட்டரை அளந்து கல் நட்டபோது மசாய் மக்களுக்கும் போலீஸுக்கும் மோதலாகி ரத்தம் சிந்தியது. விலங்குக்குக் கெடுதல் இல்லாத சஃபாரி என்று கேட்டீர்கள். நிலத்துக்காரரைத் துரத்திவிட்டு விலங்கை மட்டும் நன்றாக வைத்திருக்கிற இடத்தில் எனக்குச் சோறு இறங்காது.

செலவு? எங்களுக்கு முதல் பயணத்தைப்போல ஒரு நாளுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. நாட்களைக் குறைத்துச் சமாளித்தோம். மாரா காப்புக்காட்டுக்குள்ளேயே போனாலும் மலிவில்லை: வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. டிசம்பர் 31க்கும் ஜனவரி 1க்கும் சிங்கம் ஒன்றும் மாறப்போவதில்லை. வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்த்தே தீருவேன் என்று இருந்தால்தான் ஜூலை முதல் அக்டோபர். அதற்கும் உத்தரவாதம் கிடையாது. கரையில் மணிக்கணக்காகக் காத்திருந்தோம், ஆயிரக்கணக்கில் வந்து நின்று முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கரையோரம் வண்டிக்கூட்டம் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது உங்கள் மே மாதம். இங்கேதான் ஏஜென்ட் தெரிந்தோ தெரியாமலோ சரியாகச் சொல்லியிருக்கிறார். நம் கோடை விடுமுறை ஏப்ரல், மே. கிழக்கு ஆப்பிரிக்காவில் அதுதான் பெருமழைக் காலம். மாராவின் கரிசல் மண்ணில் வேன் சிக்கினால் பாதி நாள் போய்விடும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் மே மாதம் வறண்ட பருவத்தின் தொடக்கம். புல் காய்ந்து, விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், கொசுவும் குறையத் தொடங்கும். மலேரியா பகுதிதான், மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆகவே மே தான் என்றால் தென்னாப்பிரிக்காவையே வைத்துக்கொண்டு, சிங்கக்குட்டி நாளை எடுத்துவிட்டு க்ரூகரில் இரண்டு நாள் கூட்டுங்கள். அங்கே நான் போனதில்லை, என் தங்கை குடும்பம் போயிருக்கிறது. வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டலாம், பூங்காவின் சொந்த விடுதிகளில் தங்கலாம், கென்யாவைவிடச் செலவு நன்றாகக் குறையும். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40, அதற்கு மேல் வேகம் கூடாது, காரைவிட்டு இறங்கக் கூடாது. சிங்கம் எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் செயலிகளை மட்டும் போனில் ஏற்றாதீர்கள், கூட்டமும் வேகமும் அதனால்தான் வருகிறது.

காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போட முடிந்தால் கென்யா. அப்படியானால் உங்கள் மகளுக்கு நைரோபியிலேயே ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒட்டகச்சிவிங்கி மையத்தில் உயரமான மேடை இருக்கும், கையில் தீவனத்தை வைத்து நீட்டினால் ஒட்டகச்சிவிங்கி நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும். பசியில்லை என்றால் வராது, நாம் நீட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அங்கே பிறந்தவற்றில் பலவற்றைக் காட்டிலும் விட்டிருக்கிறார்கள். நைரோபி தேசியப் பூங்காவுக்குள் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் அநாதை யானைக்குட்டிகள் இருக்கின்றன. பொதுமக்களுக்குப் பகல் 11 முதல் 12 வரை ஒரு மணி நேரம்தான், முன்பதிவு வேண்டும். பாட்டிலில் பால் குடித்துவிட்டுச் சேற்றில் புரண்டுவிட்டுப் போய்விடும். கொஞ்சம் வளர்ந்ததும் சாவோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோய், பல வருடம் எடுத்து, காட்டு யானைகளோடு சேர்த்துவிடுகிறார்கள். சிங்கக்குட்டிப் பண்ணைக்காரர் சொல்லும் அதே வாக்கியம்தான், இங்கே உண்மையிலேயே நடக்கிறது.

கென்யாவுக்குப் போகிறவர்கள் மறக்கக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அவர்கள் கேட்பதைவிட, திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள், அட்டை இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள், முன்கூட்டியே நாள் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், கென்யாவில் 2017 முதல் தடை. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் மாரா போவதானால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய பையாக இருக்க வேண்டும், சக்கரம் வைத்த பெட்டி ஏறாது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போய் விடிகாலையில் நடுங்கினோம்.

மகளுக்குத் தனியாக ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் இருந்தது ஒன்றுதான், மூன்று நாளும் அதை மகனிடமிருந்து வாங்கவே முடியவில்லை.