பாலினச் சமத்துவக் குறியீட்டிலேயே சாய்வு இருக்கிறதா?

ஆண்–பெண் சமத்துவத்தை அளக்கும் பட்டியல்கள் ஒருபக்கம் சாய்கின்றனவா என்பது கேள்வி. சாய்கின்றன, ஆனால் ஒரே பக்கமாக அல்ல.

உலகப் பொருளாதார மன்றம் 2006 முதல் வெளியிடும் பாலின இடைவெளிக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களின் அளவை ஆண்களின் அளவால் வகுக்கிறார்கள். கல்வியில் விடை 1-ஐத் தாண்டினால் 1 என்றே வெட்டிவிடுகிறார்கள். கல்லூரிக்கு வரும் பையன்கள் குறைந்தாலும் கணக்கில் அது சமம்தான். ஆரோக்கிய ஆயுளிலோ, அதாவது நல்ல உடல்நலத்தோடு வாழும் ஆண்டுகளிலோ, பெண்கள் ஆண்களைவிட 6 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தால்தான் முழு மதிப்பெண்! ஆண்கள் பின்தங்குவதை இந்தக் குறியீடு கண்டுகொள்வதில்லை என்ற ஆண்கள் தரப்பு விமர்சனம் இங்கே நியாயமானது.

அப்புறம், இது வெறும் விகிதம். ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே சொற்பக் கூலி என்றால் இடைவெளி பூஜ்யம்.

பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது வேறு. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். குறியீட்டு மதிப்பெண்ணில் இது சேராது. சேலத்தில் சமையலுக்கு நடுவே கொலுசு வேலை பார்க்கும் அக்காவைக் கேட்டால், "சும்மா வீட்ல தான் இருக்கேன்" என்பார். கணக்கெடுப்பவர் மேற்கொண்டு கிளறிக் கேட்காவிட்டால், உழைப்போர் எண்ணிக்கையிலிருந்தே அவர் விழுந்துவிடுவார்.