சின்னத் தர்மசங்கடங்களின் கதைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்ததும், தூங்கும் முன் கொஞ்சம் கதை படிப்பேன். கொலை, வன்முறை, பழிவாங்கல் எதுவும் எனக்கு வேண்டாம். கைக்கு வந்துவிட்ட பிறர் கடிதத்தைப் பிரிக்கலாமா, தோழியின் கணவரைப் பற்றித் தெரிந்ததை அவளிடம் சொல்லலாமா என்று யாராவது ஒருத்தி யோசித்துக்கொண்டிருக்கும் கதைகள்தான் பிடித்திருக்கின்றன. "உலகத்தில் எவ்வளவோ நடக்கிறது, நீ இதைப் படித்துக்கொண்டு ஓடி ஒளிகிறாய்" என்கிறான் மகன். அவன் சொல்வது சரியா?
– செவிலியராகப் பணிபுரியும் வாசகி

பதில்: சரியில்லை அம்மா. ஓடி ஒளிய நினைப்பவர்கள் பிரச்சினையே இல்லாத இடமாகப் பார்த்துப் போவார்கள். நீங்கள் படிக்கும் கதைகளிலோ பக்கத்துக்குப் பக்கம் யாராவது எது சரி என்று தெரியாமல் தவிக்கிறார்கள். அதைத் தேடிப் படிக்கிறவர் எதிலிருந்து ஓடுகிறார்?

உங்கள் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். எந்த மருந்தை எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த வழிமுறை உண்டு. தவறு நேர்ந்தால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதற்கும் உண்டு. ஆனால், நள்ளிரவில் ஒரு முதியவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகன் ஃபோன் செய்தானா?" என்று கேட்கிறார். மகன் அழைக்கவே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். என்ன சொல்வீர்கள்? எந்தக் குறிப்பேட்டிலும் அதற்குப் பதில் இல்லை. யோசிக்கக் கிடைப்பது மூன்று, நான்கு நொடி. ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறீர்கள். சொன்ன சொல் உங்களோடு வீடுவரை வந்துவிடுகிறது.

அன்றாடத் தர்மசங்கடங்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். வக்கீலிடம் கொண்டுபோகும் அளவுக்குப் பெரியவை அல்ல. நெருங்கியவர்களிடம் சொன்னாலோ, "இதற்கெல்லாமா மனதைப் போட்டு அலட்டிக்கொள்வது?" என்று முடித்துவிடுவார்கள். ஆகவே கேட்க ஆளில்லாமல், அரை நிமிடத்தில் ஒரு முடிவெடுத்துவிட்டு வருடக்கணக்கில் சுமக்கிறோம். நீங்கள் விரும்பும் கதைகள் அந்த அரை நிமிடத்துக்கு இருநூறு பக்க அவகாசம் கொடுக்கின்றன. எல்லாப் பக்கத்து நியாயத்தையும் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்கின்றன. நம் சின்ன மனச்சங்கடங்களுக்கு அப்படியொரு விசாரணை வேறெங்கும் கிடைப்பதில்லை. இந்தக் கதைகளின் ஈர்ப்பு அதில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

நம்புவதற்குக் காரணம் உண்டு. பல வருடங்கள் ஒரு பத்திரிகையில் சிறுகதைகளைத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருந்தேன். திடுக்கிடும் திருப்பங்களுள்ள கதை வெளியானால், பிரமாதம், எதிர்பார்க்கவே இல்லை என்று கடிதங்கள் வரும். அடுத்த இதழோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஒருமுறை, இறந்துபோன அக்காவின் பெட்டியில் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கும் தங்கையைப் பற்றி ஒரு கதை வெளியிட்டோம். அக்கா யாருக்கோ எழுதி, முகவரியும் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதம். அதை அனுப்புவதா, கிழிப்பதா? கதையில் அவ்வளவுதான் நடக்கிறது. மாதக்கணக்கில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கதை நன்றாக இருந்ததா என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அனுப்ப நினைத்திருந்தால் அக்காவே அனுப்பியிருப்பாள் என்று ஒருவர். முகவரி எழுதிய பிறகு கடிதம் அந்த முகவரிக்காரருடையது என்று இன்னொருவர். ஒரே ஒரு அஞ்சலட்டையில் மட்டும் இரண்டு வரி: "என் அம்மா வைத்திருந்ததை நான் கிழித்துவிட்டேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை." அந்த வாசகருக்கு அதைச் சொல்ல ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது.

இரவெல்லாம் வலியில் இருப்பவர்களின் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிற உங்களுக்கு உலகத்தின் துயரத்தை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. மகனுக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்து, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் அவன் இருந்தால் என்ன செய்வான் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு சாவுகூட இல்லாத கதையில் விறுவிறுப்பு எங்கிருந்து வரும்?
– துப்பறியும் கதைகளின் ரசிகர்

பதில்: ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவல் 1815-ன் கடைசியில் வெளிவந்தது. அதில் பாக்ஸ் ஹில் என்ற குன்றுக்கு எல்லோரும் உல்லாசப் பயணம் போகும் அத்தியாயத்தைப் பாருங்கள். பொழுதுபோக்காக ஒரு விளையாட்டு: ஆளுக்கு ஒன்று புத்திசாலித்தனமாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சுமாரான இரண்டு, அதுவும் முடியாவிட்டால் மூன்று அசட்டுப் பேச்சு. வாய் ஓயாமல் பேசும் மிஸ் பேட்ஸ் என்ற ஏழைப் பெண்மணி, மூன்று அசட்டுப் பேச்சா, எனக்கு அது சுலபமாயிற்றே என்கிறார். உடனே நாவலின் நாயகி எம்மா, ஒரே சமயத்தில் மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்கிற பொருளில் ஒன்றைச் சொல்லிவிடுகிறாள்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் எம்மாவைத் தண்டிக்கப் போவதில்லை. மிஸ் பேட்ஸ் முகம் சிவந்து, தன்மேல்தான் ஏதோ குறை இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார். பிறகு குடும்ப நண்பரான நைட்லி, எம்மாவைத் தனியாகப் பார்த்து, வாழ்ந்து கெட்ட ஒரு பெண்ணை எல்லோர் முன்னும் இப்படிச் சிறுமைப்படுத்தலாமா என்று கேட்கிறார். வீடு திரும்பும் வழியெல்லாம் எம்மா அழுகிறாள். இருநூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்த இடத்தில் வாசகருக்கு உடம்பு கூசுகிறது. எம்மா சொன்னதற்கு முதலில் சிரித்தவர்கள் நாம்தானே! மிஸ் பேட்ஸின் பேச்சைப் பல அத்தியாயங்கள் கேட்டுக் களைத்துப்போய், யாராவது இவரை நிறுத்த மாட்டார்களா என்று நாமும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆஸ்டின் நம் பொறுமையின்மையைத் திட்டமிட்டு வளர்த்து, எம்மாவின் வாய் வழியாக வெளியே கொண்டுவந்து, அதன் பிறகு நைட்லியைப் பேசவிடுகிறார். துப்பறியும் கதையில் குற்றவாளி யார் என்று தேடுகிறோம். இங்கே நாமே உடந்தை. இதைவிட விறுவிறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: தத்துவம் படிக்கிறேன். இத்தகைய கதைகள் மனிதரை நல்லவராக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?
– கல்லூரி மாணவர்

பதில்: 2013-ல் கிட், கஸ்டானோ என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வெளியானது. இலக்கியக் கதைப் பகுதிகளைப் படித்தவர்கள், கண்களின் புகைப்படத்தை மட்டும் பார்த்து ஒருவரின் உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் சோதனையில் மற்றவர்களைவிடச் சற்று மேலாகச் செய்தார்கள் என்றது அது. கதைப் பிரியர்கள் எல்லோரும் கொண்டாடினோம். 2016-ல் வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே, படித்தால் நல்லவராகிவிடலாம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. நிறையப் படித்த கொடியவர்களும் உண்டு, எழுத்து வாசனையே இல்லாத உத்தமர்களும் உண்டு.

ஆனால், நீங்கள் தத்துவ மாணவர் என்பதால் ஐரிஸ் மர்டாக்கை நினைவூட்டுகிறேன். நாவலாசிரியராகவும் தத்துவ ஆசிரியராகவும் இருந்தவர். 1970-ல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில், ஒழுக்கம் என்றால் என்ன என்று விளக்க அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மாமியார் – மருமகள். மருமகள் நல்லவள்தான், ஆனால் நயமில்லாதவள், துடுக்குக்காரி, இன்னும் சிறுபிள்ளைத்தனம் போகாதவள் என்று மாமியார் நினைக்கிறார். வெளியே ஒரு குறையும் தெரியாமல் அன்பாகத்தான் நடந்துகொள்கிறார். நாளடைவில், "நான் பழைய காலத்து ஆள், எனக்குப் பொறாமைகூட இருக்கலாம், இவளை இன்னொரு முறை பார்க்கிறேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பார்க்கிறார். நயமின்மையாகத் தெரிந்தது எளிமையாகத் தெரிகிறது. துடுக்குத்தனம் உற்சாகமாகத் தெரிகிறது. மருமகள் இப்போது அருகில் இல்லை, வெளிநாடு போய்விட்டாள் அல்லது இறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மர்டாக். அதாவது, மாமியாரின் நடத்தையில் எந்த மாற்றமும் இல்லை, பார்த்த விதம் மட்டும் மாறியது. அப்படியிருந்தும் ஒழுக்கரீதியில் மிகப் பெரிய ஒன்று நடந்திருக்கிறது என்கிறார்.

நான் விரும்பும் கதைகள் நமக்குப் பழக்குவது இந்த இரண்டாவது பார்வையைத்தான். உங்கள் பாடத்தில் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் வந்திருப்பார். நண்பனைத் துரத்திவரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் எழுதியவர். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது குறள். எனக்குக் குறள்தான் நெருக்கம். ஆனால் அந்த நன்மை குற்றமற்றதா என்று யார் தீர்மானிப்பது? பொய் சொல்லப்பட்டவரா, சொன்னவரா? இன்றா, பத்து வருடம் கழித்தா? விதி நின்றுவிடும் இந்த இடத்தில்தான் கதைக்கு வேலை தொடங்குகிறது.

கேள்வி: மென்மையான கதைகளில் கடைசியில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அது பொய்தானே?
– ஆசிரியை ஒருவர்

பதில்: எல்லாம் சரியாகிவிடும் கதைகளை நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சக ஊழியர்மேல் பழி விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தவன், பிறகு போய் உண்மையை ஒப்புக்கொள்கிறான். அதே பத்தியில் அவர் மன்னித்துவிட, இருவர் கண்ணிலும் நீர். இது மென்மை ஆகாது, அவசரம். அவர் "சரி, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, வழக்கமாகச் சேர்ந்து நடக்கும் வழியை விட்டு மறுநாள் வேறு வழியாக வீட்டுக்குப் போகட்டும். இவனுக்கு அது புரியட்டும். யாராவது ஏதாவது இழந்தாக வேண்டும். அந்த இழப்பிலும் எழுத்தாளர் இருவரில் ஒருவரையும் வெறுக்காமல் எழுதினால் அதை மென்மை என்பேன்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கதை எழுதுகிறேன். என் கதைகள் கனமாக இல்லை, பெரிய பிரச்சினைகளைத் தொடுவதில்லை என்று சொல்கிறார்கள். தொடர்ந்து எழுதலாமா?
– புதிதாக எழுதத் தொடங்கியவர்

பதில்: எழுதுங்கள். அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். பிரிட்டனின் மனித மரபணு ஆணையத்தில் துணைத் தலைவராகவும் இருந்தார். உயிர், மரணம், மரபணு போன்ற மாபெரும் கேள்விகள்தான் அவருடைய தொழில். அப்படிப்பட்டவர் கதை எழுத உட்கார்ந்தபோது போட்ஸ்வானாவில் சிறிய துப்பறியும் அலுவலகம் நடத்தும் பெண்மணியைப் படைத்தார். அந்தப் பெண்மணியைப் பற்றிய முதல் நாவல் வந்தது 1998-ல். பிறகு, ஒழுக்கவியல் இதழுக்கு ஆசிரியராக இருந்துகொண்டு பிறர் விஷயத்தில் தலையிடலாமா கூடாதா என்று ஓயாமல் யோசிக்கும் இஸபெல் என்ற நாயகி வந்தாள். பெரிய கேள்விகள் தெரியாததால் அவர் சின்னக் கேள்விகளுக்கு வரவில்லை என்பதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

பொறுமையும் வேண்டும். ஆங்கில எழுத்தாளர் பார்பரா பிம் அமைதியான ஆறு நாவல்கள் வெளியிட்ட பிறகு, 1963-ல் அடுத்த நாவல் நிராகரிக்கப்பட்டது. 1977-ல் ஒரு இலக்கிய இதழ், உரிய கவனம் பெறாத எழுத்தாளர் யார் என்று கேட்டபோது இரண்டு பேர் தனித்தனியாக அவர் பெயரைச் சொன்னார்கள். அதே வருடம் அவருடைய புதிய நாவல் வெளிவந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் போனது.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் பாத்திரம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் யாரோ ஒருவருக்குத் துரோகம் ஆகும்படி முடிச்சுப் போடுங்கள். தோழியின் ரகசியத்தைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்தவளிடம், அந்தத் தோழியின் தாயே வந்து நேருக்கு நேர் கேட்கட்டும். தீர்ப்பை நீங்கள் எழுதாதீர்கள். கடைசிப் பத்தியில் வரும் அறிவுரையை வெட்டிவிட்டால், தேர்வுக்கு வரும் கதைகளில் பாதி உடனே மேம்பட்டுவிடும்.

கேள்வி: நெருங்கிய தோழி தான் எழுதிய கதையைக் கொடுத்துக் கருத்துக் கேட்டிருக்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவா, வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். அதை நம்பி அவள் நாலு பேருக்குக் கொடுப்பாள். முதலில், அவளுக்கு வேண்டியது கருத்தா, யாராவது படித்தார்கள் என்ற நிறைவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது என்றால், உங்களை உண்மையிலேயே நிறுத்திய ஒரு வரியையாவது தேடிச் சொல்லுங்கள். கவனமாகத் தேடினால் ஒன்று கிடைக்கும். கருத்துதான் வேண்டும் என்றால், பிடிக்கவில்லை என்பதையும், எந்த இடத்திலிருந்து பிடிக்காமல் போனது என்பதையும் சொல்லிவிடுங்கள். நேரில் சொல்லுங்கள், குறுஞ்செய்தியில் வேண்டாம்.